அசுணத்துக்குக் காது வைத்தவள்

என் நாத்தனாரைக் காதுக்காரி என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் தெரியும். காது கேட்கும் கருவி கொடுக்கிற ஒரு கிளினிக்கின் பின்னறையில் அவளுக்கு வேலை. கருவி டப்பாவில் வந்துவிடும். அதைக் காதுக்குள் அசையாமல் உட்கார வைக்கிற சிலிக்கான் அச்சை மட்டும் ஒவ்வொரு காதுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். ஒரே ஆளின் இரண்டு காதுகள்கூட ஒன்று போல் இருக்காதாம். எல்லோரும் எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்த்தால் இவள் காதைப் பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவரிடம், "உங்களுக்கு இடது காது வழி கொஞ்சம் கோணல், தெரியுமா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

நான் அவள் அண்ணி. சோபா, கார் சீட், ஆஸ்பத்திரிக் கட்டில் மெத்தை எல்லாவற்றுக்கும் உறை தைக்கிறவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரும்தான். இதைச் சொல்லும்போதும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தலை பின்னிவிட்டது நான், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் சண்டை போட்டது நான், அவள் முதன்முதலாகப் புடவை கட்டியபோது கொசுவம் மடித்துக் கொடுத்தது நான். முப்பது வருஷம் தடித் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்ததில் என் இடது காது போய்விட்டது. வலது இன்னும் பரவாயில்லை, ஆனால் ரகசியம் பேசினால் எட்டாது. இடது காதுக்கு அச்சு எடுத்துக் கருவி மாட்டிவிட்டது அவள்தான். மாட்டியதும் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அண்ணி, நீங்க ரொம்ப குண்டாயிட்டீங்க" என்று கிசுகிசுத்தாள். திரும்பி ஒரு போடு போட்டேன். "கேக்குது, கேக்குது!" என்று கிளினிக்கே அதிரக் கத்தினாள். அன்றைக்கு எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது.

எங்கள் தெருக்கோடியில் பழைய பாட்டில் கம்பெனி ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. போன வருஷம் அதை ஒரு சிற்பி எடுத்துக்கொண்டார். நீளத் தாடி, வெண்ணெய் மாதிரிப் பேச்சு. கதவில் ஒரு தாள் ஒட்டினார்: கையில் தொழில் உள்ளவர்கள் வாருங்கள், சேர்ந்து ஒரு மிருகம் செய்வோம். எட்டுப் பேர் போனோம். காதுக்காரிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "வாங்க அண்ணி, எப்பப் பாத்தாலும் சோபாவுக்குச் சட்டை தச்சிக்கிட்டு" என்றாள்.

தாடிக்காரர் சொன்ன மிருகத்தின் பெயர் அசுணம். மலையில் இருக்குமாம். இசை என்றால் உயிராம். வேட்டைக்காரர்கள் ஒளிந்திருந்து யாழ் வாசிப்பார்களாம். அது சொக்கிப்போய் வெளியே வருமாம். வந்ததும் பறையை ஓங்கி அடிப்பார்களாம். அந்தச் சத்தம் தாங்காமல் அப்படியே செத்துவிழுமாம். பழைய தமிழ்ப் பாட்டுகளில் இவ்வளவுதான் இருக்கிறதாம். எப்படி இருக்கும், எத்தனை கால், என்ன நிறம், ஒன்றும் கிடையாது.

"அடப்பாவிங்களா, பாட்டு பாடி வரவச்சுக் கொல்றதா?" என்று நான் கேட்டேன். வேட்டைக்காரர்களின் மேல் எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது.

எங்களோடு வந்த வெல்டருக்கு வேறு கவலை. "இறக்கை உண்டா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல. கம்பியில எலும்பு வெட்டணும்ல."

"சிலர் பறவைன்னு சொல்றாங்க, சிலர் விலங்குன்னு சொல்றாங்க" என்றார் தாடிக்காரர்.

"எழுதுறவங்களுக்கு என்ன, எழுதிட்டுப் போயிடுவாங்க. வெட்டுறவன் நான்தானே!"

மூன்று வாரம் இந்தச் சண்டையே ஓடியது. கடைசியில் நான்கு காலும் தோளில் விரியாத இரண்டு இறக்கையும் என்று முடிவானது. வேன் அளவுக்கு எலும்பு எழுந்தது. தோல் என் பொறுப்பு. கடையில் மிஞ்சிய வெல்வெட், ரெக்ஸின், கிழிந்த பஸ் சீட் துணி எல்லாவற்றையும் துண்டு போட்டுத் தைத்தேன். காதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். வலது காது பயந்து மடங்கியிருக்கும், இடது காது விரிந்து கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவளே தீர்மானித்தாள். அந்த இடது காது ஆள் மண்டி போட்டு முகத்தை உள்ளே வைக்கிற அளவு பெரிது. உள்வழி, மடிப்பு, குழி எல்லாம் அச்சு அசல். வேலை முடித்துவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்து, சாப்பிடாமல்கூட அதைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வளைவு வருகிற தையலை நான் இரண்டு தடவை தைப்பேன். தைத்து, பிரித்து, மறுபடி தைப்பேன். அதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேறு ஊரில், விமான சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. நான்கு நாள் போய் உட்கார்ந்து ஒரு சீட்டின் மூலையை மாதிரிக்குத் தைத்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. என் போன் அப்போது தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்ததால் நாத்தனாரின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். முதலில் நான் போவது, பிறகு வீட்டுக்காரர் வருவது என்று பேச்சு. கூப்பிடவே இல்லை. அந்த மூலை சுருங்கியிருக்கும், என் கை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வளைவு வந்தால் பிரிப்பேன், தைப்பேன். "போதும் அண்ணி, நல்லாத்தான் இருக்கு" என்பாள் காதுக்காரி. எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அசுணத்தின் உடம்பு முழுக்க வளைவு. ஆறு மாதம் பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

வேலை முடியும்போது தாடிக்காரர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "இது கேக்கப் பிறந்த மிருகம். நீங்க ஒவ்வொருத்தரும் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ண அது காதுல சொல்லுங்க. வேற யாருக்கும் கேக்காது. அப்புறம் உள்வழிய மெழுகால அடைச்சிடுவோம். அதுதான் அதுக்கு உயிர்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படிப் பேசினார் மனுஷன்.

சொல்லும் முன் இரண்டு வேலை பாக்கியிருந்தது. காது அச்சு செய்கிறவர்கள் அதில் ஒரு மெல்லிய காற்று ஓட்டை போடாமல் விடமாட்டார்கள். இல்லாவிட்டால் மாட்டியவருக்குத் தன் குரலே பீப்பாய்க்குள் பேசுகிற மாதிரி இருக்கும். காதுக்காரியும் கை பழக்கத்தில் காதின் அடியிலிருந்து கழுத்து வழியாக வயிறு வரை ஒரு குழாய் விட்டாள். "காத்துப் போக வழி வேணும்ல, பாவம்" என்றாள். நானும் லேசுப்பட்டவளா? எந்த உறை தைத்தாலும் கழற்றித் துவைக்க அடியில் ஜிப் வைப்பேன். அசுணத்தின் வயிற்றுக்கும் ஒரு ஜிப் வைத்தேன். இதை யார் கழற்றித் துவைக்கப் போகிறார்கள் என்று வெல்டர் கிண்டல் செய்தார். தாடிக்காரர் மட்டும், "இருக்கட்டும், இருக்கட்டும், ரொம்ப நல்லது" என்றார்.

ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் வெளியே நின்றோம். நான் உள்ளே போனதும் மண்டி போட்டு, அந்த விமான சீட் மூலையையும், அதோடு என் கை மேல் போன நம்பிக்கையையும் சொன்னேன். அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னதும் நெஞ்சு லேசானது. எனக்கு அடுத்து என் நாத்தனார் போனாள். வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "என்னடி, அப்படி என்ன சொன்ன?" என்று சீண்டினேன். "போங்க அண்ணி" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டமான கூட்டம். என் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "என் பொண்டாட்டி தச்சது, என் தங்கச்சி வச்ச காது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தாடிக்காரர் ஒரு பொத்தானைத் தட்டினார். அசுணத்தின் வயிற்றுக்குள்ளிருந்து யாழ் மாதிரி ஒரு தந்தி வாத்தியம் கேட்டது. கூட்டம் சொக்கிப்போய் நெருங்கி வந்தது. வாத்தியம் நின்றது. பிறகு வெல்டரின் குரல் கேட்டது.

"இருபது வருஷமா சாரத்துல ஏறுறேன். எனக்கு உசரம்னாலே பயம். ஏறும்போதெல்லாம் காலு நடுங்கும்."

சிலர் சிரித்தார்கள். வெல்டர் சிரிக்கவில்லை. அவருடைய பையன்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் இரண்டு குரல்கள் வந்தன. பிறகு என் குரல். "அந்தக் கம்பெனிக்காரங்க என்னைக் கூப்பிடவே இல்ல. மூலை சுருங்கிப்போச்சு. என் கை அவ்வளவுதான்." என்னவோ என் புடவையை யாரோ நடுத்தெருவில் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த குரல்.

"அண்ணிக்கு வேலை கிடைச்சிருந்தது. போன் எனக்குத்தான் வந்துது. ரொம்ப நல்லாத் தச்சிருக்காங்க, உடனே வரச் சொல்லுங்கன்னாங்க. அவங்க வரமாட்டாங்கன்னு நான் சொல்லிட்டேன். அம்மா படுக்கையில இருந்தாங்க. அண்ணி போயிட்டா நான்தான் பாத்துக்கணும், என் படிப்பு நின்னுடும். அவங்க இன்னும் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறாங்க. என்னால பாக்க முடியல."

ரகசியக் குரல்தான். வலது காதுக்கு எட்டியே இருக்காது. இடது காதில் அவள் செய்து கொடுத்த அச்சு இருந்தது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

அவளைப் பார்த்தேன். அவள் தன் காதுகள் இரண்டையும் பொத்திக்கொண்டு நின்றாள். பறை எதுவும் யாரும் அடிக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

தாடிக்காரர் சட்டையைப் பிடித்தேன், பொய் சொல்வானேன். காது வழியாக வயிற்றுக்குப் போன குழாயில் மைக் வைத்திருக்கிறார். ஜிப்பைத் திறந்து ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேர் குரலையும் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"யார் பேரும் போடலையேம்மா" என்றார் அதே வெண்ணெய்க் குரலில். "நீங்க அழுதீங்க, கூட்டமே அழுதுது. இதைவிட உண்மையான கலை என்ன இருக்கு?"

"யாருக்கும் கேக்காதுன்னு சொன்னியே, படுபாவி!" என்று என் நாத்தனார் அலறினாள். அந்த அலறல் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆறு மாதம் அவள் சாப்பிடாமல் தேய்த்த காது அது. எனக்கு அவள் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்த அந்த நிமிஷத்திலும், அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இதற்குள் மற்றவர்கள் அவள் மேல் பாய்ந்தார்கள். "ஓட்டை போட்டது நீதானே? தெரிஞ்சேதான் போட்டியா?" என்று வெல்டர் கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! "காது செய்யுறவ ஓட்டை போடாம என்ன பண்ணுவா? அது அவ தொழில். ஜிப் வச்சது நான், என்னையும் கேளுங்க!" என்றேன். அவள் என்னவெல்லாம் பொய் சொல்லியிருந்தாலும் அந்த ஓட்டையில் பொய் கிடையாது, எனக்குத் தெரியும். அவள் நன்றியோடு என் பக்கம் கை நீட்டினாள். நான் தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "அப்ப அவ சின்னப் பொண்ணு..."

"இருபத்து மூணு வயசு சின்னப் பொண்ணா? அப்ப எனக்கு மட்டும் என்ன, நூறு வயசா?" அவர் சலவைச் சட்டையைக் கழற்றி மாட்டப் போய்விட்டார்.

சொன்னால் நம்புவீர்களா, வேலை போனதுகூட எனக்குப் பெரிதில்லை. அத்தை படுக்கையில் கிடந்ததும் உண்மை, அவள் படிப்பு நின்றிருக்கும் என்பதும் உண்மை. என்னிடம் வந்து, அண்ணி, போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். கோபத்தில் இரண்டு தட்டை உடைத்துவிட்டு இருந்திருப்பேன். ஆனால் என் கையே சரியில்லை என்று பதினோரு வருஷம் நம்ப விட்டாளே! பக்கத்தில் உட்கார்ந்து நான் பிரிக்கிற நூலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாளே! அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"அண்ணி, யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்" என்றாள்.

"கேக்காதுன்னா சொல்லுவ, கேக்கும்னா சொல்ல மாட்ட. அப்படித்தானே?"

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கே நான் ஷெட்டுக்குப் போனேன். தாடிக்காரர் ஏதோ சொல்ல வந்தார். கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். வயிற்றைத் திறந்து ஸ்பீக்கரையும் வயரையும் எங்கள் குரலைப் பதிந்து வைத்திருந்த குட்டிப் பெட்டியையும் பிடுங்கி வெல்டரிடம் கொடுத்தேன். அவர் சுத்தியலால் செய்ய வேண்டியதைச் செய்தார். ஜிப்பையும் அறுத்து எறிந்துவிட்டு வயிற்றை மூடித் தைத்தேன். அந்த உடம்பிலேயே மோசமான வளைவு அதுதான். ஒரே தடவை தைத்தேன். சுருங்கவில்லை. விரலால் தடவிப் பார்த்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்று வாரம் அவளிடம் பேசவில்லை. அதற்குள் என் காது அச்சு தளர்ந்துவிட்டது. தளர்ந்தால் கருவி 'கீ' என்று ஊளையிடும். வீட்டுக்காரர் வேறு கிளினிக்குக்குப் போகலாம் என்றார். அவளிடம்தான் போவேன் என்றேன். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

பின்னறையில் அதே சாய்வு நாற்காலி, எதிரில் அதே கண்ணாடி, அலமாரி நிறைய யார் யாருடைய காதுகளோ. அவள் இளைத்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் சொன்னேன். "அந்தப் பொம்மை காதுல சொன்னியே, அதை என்கிட்ட ஒரே ஒரு தடவை நேரா சொல்லு. எனக்குக் கேக்குற மாதிரி சொல்லு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவள் தலையை ஆட்டினாள். "சொல்றேன் அண்ணி. மொதல்ல அளவு எடுத்துடறேன்."

நூல் கட்டிய பஞ்சை இடது காதுக்குள் ஆழமாக வைத்தாள். அளவு எடுக்கிற இரண்டு பசையையும் உள்ளங்கையில் பிசைந்து ஊசிக்குழாயில் அடைத்து, காது நிறையச் செலுத்தினாள். குளிர்ச்சியாக உள்ளே போய் எல்லா வழியையும் அடைத்தது. அது இறுக ஐந்து நிமிஷம் ஆகும். அதுவரை அந்தக் காதுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. எனக்குத் தெரிந்ததைவிட அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் குனிந்தாள். இடது பக்கம்தான். கண்ணாடியில் பார்த்தேன், அவள் உதடு அசைந்தது. அடைத்த காதோடு வாயை வைத்து என்னவோ சொன்னாள். நிறையச் சொன்னாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவள் மூச்சு என் கழுத்தில் சுடச்சுடப் பட்டது. வலது காதில் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. நாற்காலியைச் சுற்றி வலது பக்கம் வர மூன்று அடி இருக்கும். ஐந்து நிமிஷமும் அவள் இடது பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

பசையை மெல்ல உருவி எடுத்தாள். என் காது அப்படியே அவள் கையில் இருந்தது.

"சொல்லிட்டேன் அண்ணி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், முகத்தில் பாரம் இறங்கிய மாதிரி ஒரு தெளிவு. "அடுத்த வாரம் அச்சு ரெடியாயிடும். வந்து வாங்கிக்கிறீங்களா?"

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"தபால்ல அனுப்பிடு" என்றேன்.